வீட்டில் இரண்டாவது ரவுட்டர்: முகவரி கொடுப்பது யார்?

உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலையின் அடிவாரத்தில், சண்முகா நதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் ராயப்பன்பட்டி. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் திராட்சை விளைகிற பகுதி. இங்கே விவசாயக் குடும்பம் என்றால் ஊருக்குள் ஒரு வீடு, தோட்டத்தில் மோட்டார் ரூமோடு சேர்ந்த ஒரு சின்ன வீடு என்று இரண்டு இடத்திலும் புழக்கம் இருக்கும். ஊருக்குள் இருக்கும் வீட்டிலும் பழைய கட்டு, பின்னால் சேர்த்த கட்டு, பிள்ளைகளுக்காக எடுத்த மாடி என்று அறைகள் பல காலத்தில், பல விதச் சுவர்களோடு எழும்பியிருக்கும். ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் வாசலை ஒட்டிய முன்னறையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். மாடியில் படிக்கிற பிள்ளைக்கு வைஃபை எட்டவில்லை. கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி வந்து முதல் பெட்டியோடு சேர்க்கிறார்கள். சில வீடுகளில் அது உடனே வேலை செய்கிறது. சில வீடுகளில் வேலை செய்வதுபோல் காட்டிவிட்டு, பிரிண்டரையும் டிவியையும் கேமராவையும் ஒன்றுக்கொன்று காணாமல் அடிக்கிறது. இன்னும் சில வீடுகளில், இருந்த இணைப்பும் போய்விடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு உள்ள வழிகள் எல்லாவற்றையும் ஒருமுறை வரிசையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில், இரண்டாவதாக வருகிற ரவுட்டர் ரவுட்டர் வேலையைச் செய்யவே கூடாது. வைஃபை கொடுப்பதும் கம்பித் துளைகள் கொடுப்பதும் மட்டுமே அதன் வேலையாக இருக்க வேண்டும்.

ஏன் என்று புரிய, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் மோடம் என்றோ ரவுட்டர் என்றோ ஒரே பேரில் கூப்பிடும் பெட்டிக்குள் நான்கைந்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஃபைபரில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுகிறவர் ஒருவர். வீட்டு வலைக்கும் வெளி வலைக்கும் நடுவில் நின்று வழி காட்டுகிறவர் இன்னொருவர். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கிறவர் மூன்றாமவர், டி.எச்.சி.பி. என்பது அவருடைய பேர். பின்பக்கத் துளைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச், வைஃபை அலை வீசும் ஆன்டெனா இரண்டும் மிச்சம். இரண்டாவது ரவுட்டரை வாங்கும்போது நமக்குத் தேவையாக இருப்பவர்கள் கடைசி இருவர் மட்டுமே. ஆனால் வழிகாட்டியும் முகவரி கொடுப்பவரும் கூடவே வந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் முகவரி கொடுக்க இருவர் இருந்தால் வரும் குழப்பமே இந்தப் பிரச்சினை முழுவதும்.

இரண்டாவது ரவுட்டர் என்ற வழக்கம் எப்படி வந்தது என்பதையும் பார்க்கலாம். பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பேரில் தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாகப் பிராட்பேண்டைத் தொடங்கியது. அப்போதைய அரசு வரையறைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். அன்று கொடுத்த மோடம்களில் பலவற்றில் ஒரே ஒரு கம்பித் துளைதான் இருந்தது, வைஃபை கிடையாது. ஒரு கணினிக்கு அது போதும். மடிக்கணினியும் கைபேசியும் வந்தபோது வைஃபைக்காக இன்னொரு பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. அதே 2005 ஜனவரியில்தான் இந்திய அரசு, வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

அந்தக் காலத்திலேயே முதல் சிக்கல் தலைகாட்டியது. பி.எஸ்.என்.எல். கொடுத்த மோடம்கள் பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தன. கடையில் கிடைத்த லிங்சிஸ் ரவுட்டருக்கும் அதே முகவரி. இரண்டையும் சேர்த்தால் எது எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. ஒரே ஊரில் வடக்குத் தெரு என்று இரண்டு தெரு இருந்து, இரண்டிலும் வீட்டு எண்கள் ஒன்றாகவே இருந்தால் தபால்காரர் படும் பாடு அது. டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா போன்றவற்றில் பல மாடல்கள் 192.168.0.1 என்று வருவதால் அந்த மோதல் இல்லாமல் தப்பித்துக்கொள்கின்றன. ஜியோவின் பெட்டி 192.168.29.1 என்று தனியாக நிற்கிறது. எந்தப் பெட்டி வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் எங்கிருந்து வந்தன? இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் இருப்பது சுமார் 430 கோடி முகவரிகள். அது உலகத்துக்குப் போதாது என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கெல்ட் எகவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். வீட்டுக்குள் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே முகவரியில் தெரியட்டும், நடுவில் நிற்கும் பெட்டி உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றிக்கொள்ளட்டும் என்பது அந்த வழி. அதற்கு நாட் என்று பேர். 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் மூன்று தொகுதிகளை உள்வலைக்கென்றே ஒதுக்கிய விதி 1996 பிப்ரவரியில் இன்றைய வடிவம் பெற்றது. ராயப்பன்பட்டி வீடொன்றின் டிவிக்கும் டோக்கியோ வீடொன்றின் டிவிக்கும் ஒரே 192.168.1.5 இருக்க முடிவது இதனால்தான்.

இரண்டாவது ரவுட்டரில் வெளி வலைக்கென இருக்கும் வேன் துளையில் முதல் பெட்டியிலிருந்து வரும் கம்பியைச் செருகினால், நாட் இரண்டு முறை நடக்கிறது. பெட்டியோடு வரும் காகிதம் காட்டுவது இந்த முறையைத்தான். எதையும் மாற்றாமல் செருகினால் போதும் என்பதால் கடைக்காரரும் இதைத்தான் சொல்வார். இதற்கு இரட்டை நாட் என்று பேர். தெரிந்தவர்கள் இதை ஒரு பாவம்போலப் பேசுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இணையப் பக்கம் பார்க்க, யூடியூப் பார்க்க, வாட்ஸ்அப்பில் பேச, இரட்டை நாட் எந்தக் குறையும் வைப்பதில்லை. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியாது என்பார்கள். இன்றைய கேமராக்கள் தாங்களே உற்பத்தியாளரின் சர்வருக்குப் போய்ப் பேசுவதால் அதுவும் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. தவிர, நம் வீட்டில் ஒரே நாட் இருந்தாலும் இணைய நிறுவனமே தன் பக்கம் இன்னொரு நாட் வைத்திருக்கலாம். 2012 ஏப்ரலில் 100.64 என்று தொடங்கும் தொகுதியை அதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். நம் பெட்டியின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், நாம் ஏற்கெனவே இரட்டை நாட்டுக்குள்தான் இருக்கிறோம்.

உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரட்டை நாட்டில் வீடு இரண்டு வலைகளாகப் பிரிந்துவிடுகிறது. பிரிண்டரையும் டிவியையும் கைபேசி கண்டுபிடிப்பது, ‘இங்கே யார் இருக்கிறீர்கள்’ என்று வலை முழுவதும் கூவிக் கேட்பதால். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. முன்னறை டிவி முதல் பெட்டியிலும், மாடியிலிருக்கும் கைபேசி இரண்டாவது பெட்டியிலும் இருந்தால், கைபேசிப் படத்தை டிவியில் போட முடியாது. சிசிடிவியின் பதிவுப் பெட்டியை வீட்டுக்குள்ளேயே பார்க்க முடியாமல், காட்சி ஊர் சுற்றி சர்வர் வழியாகத் திரும்பி வரும். இணையம் அறுந்தால் அதுவும் வராது. நாலு பேர் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகள் சில, இரண்டு நாட்டுக்குப் பின்னால் இருப்பவரோடு சேர மறுக்கும்.

இரட்டை நாட்டுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம், இணையத்தையும் பங்கு கொடுக்கிறோம், ஆனால் அவர்கள் கருவிகளும் நம் கருவிகளும் கலக்கக் கூடாது என்றால் பிரிப்பு வேண்டும். இங்கே பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வாடகைக்காரருக்கு இரண்டாவது ரவுட்டரைக் கொடுத்துவிட்டு, தாங்கள் முதல் பெட்டியில் இருந்துகொள்கிறார்கள். உள்ளே இருக்கும் ரவுட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே இருக்கும் வலையை எட்டிப் பார்க்க முடியும். வெளியே இருந்து உள்ளே பார்க்கத்தான் முடியாது. அப்படியானால் காக்கப்பட வேண்டியவர்கள் உள்ளே, அதாவது இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முதல் பெட்டியிலேயே விருந்தாளி வைஃபை வசதி இருந்தால் அந்தச் சிரமமும் வேண்டாம்.

சரி, நான் பரிந்துரைக்கும் முறைக்கு வருகிறேன். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக மாற்றுவது. புதிய ரவுட்டர்கள் பலவற்றில் ‘ஆபரேஷன் மோடு’ என்ற இடத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் முடிந்தது, வழிகாட்டியும் முகவரி கொடுப்பவரும் ஒதுங்கிவிடுவார்கள். பழைய ரவுட்டர் வீட்டில் கிடக்கிறது என்றால் கையால் செய்ய வேண்டும். முதல் பெட்டியோடு சேர்க்கும் முன், மடிக்கணினியை அந்தப் பழைய ரவுட்டரோடு தனியாகக் கம்பியால் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுங்கள். டி.எச்.சி.பி. வசதியை அணையுங்கள். வைஃபை பேரும் கடவுச்சொல்லும் வையுங்கள். அதன் பிறகு முதல் பெட்டியில் வீட்டுக் கருவிகளுக்கென இருக்கும் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்குக் கம்பி போடுங்கள். வேன் துளை காலியாகவே இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள், நீலமாக, தனியாக, ‘என்னில் செருகு’ என்பதுபோல இருக்கிறதே என்று.

அந்த 192.168.1.2 என்ற முகவரியை முதல் பெட்டி வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. முதல் பெட்டியின் உள்ளே போய், அது கொடுக்கும் முகவரிகள் 100-இலிருந்து தொடங்கட்டும் என்று மாற்றிவிட்டால் 2 முதல் 99 வரை நம் கையில் இருக்கும். கேமராப் பதிவுப் பெட்டிக்கும் பிரிண்டருக்கும் அந்த எண்களில் நிரந்தரமாக ஒன்று கொடுத்துவிடலாம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பிதான் ஓட வேண்டும். வேகம் கூடும் என்று இரண்டு கம்பி போட்டால், ஒரு கூவல் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்பி, மறுபடி போய், சில நொடிகளில் வலை முழுவதும் நின்றுவிடும். இப்படிச் சுற்றுவதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985-இல் ஒரு முறையை உருவாக்கினார். பெரிய நிறுவன ஸ்விட்சுகளில் அது இருக்கும். வீட்டு ரவுட்டர்களில் அது இருக்குமென்று நம்ப முடியாது.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரவுட்டருக்குக் காசு செலவழிப்பவர்கள் கம்பியில் மிச்சம் பிடிக்கிறார்கள். கேட் 5இ அல்லது கேட் 6 கம்பிக்குள் எட்டு இழைகள். நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு நான்கு இழை போதும். அதற்கு மேல் 1000 வரை போக எட்டும் வேண்டும். முனையில் பிளக் பொருத்திக் கிரிம்ப் செய்யும்போது அந்தக் கூடுதல் நான்கில் ஓர் இழை சரியாக உட்காராவிட்டால், இணைப்பு பெரும்பாலும் அறுந்து போகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு மாடியில் 90-ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கம்பியின் முனையை. இரண்டாவது, ரவுட்டரின் துளையே 100-க்கு மேல் போகாத மாடலா என்பதை. குறைந்த விலை ரவுட்டர்கள் பலவும் அப்படித்தான். கம்பியின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கும். முழுச் செம்பே கேட்டு வாங்குங்கள்.

வைஃபையின் பேர் இரண்டு பெட்டியிலும் ஒன்றா, வேறா? ஒன்றாக வைத்தால் கைபேசி தானே இடம் மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்பதைக் கைபேசிதான் தீர்மானிக்கிறது, அது பழைய பெட்டியை லேசில் விடாது. ஆகவே பேரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1-ஆம் சேனல், இன்னொன்றுக்கு 11-ஆம் சேனல் கொடுத்து, அலை வீச்சைச் சற்றுக் குறையுங்கள். இரண்டு பெட்டியும் முழு வீச்சில் கத்தினால் கைபேசிக்கு மாறவே தோன்றாது.

மூன்றாவது வழி, பிரிட்ஜ் மோடு. முதல் பெட்டியில் ஒளியை மாற்றுகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டு, நாம் வாங்கிய ரவுட்டரையே வீட்டின் தலைவராக்குவது. இணைய நிறுவனம் கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் நம் ரவுட்டரில் இருக்கும். நல்ல ரவுட்டர் வாங்கியிருக்கிறவர்களுக்கு, வீட்டுப் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ தனித்தனிக் கட்டுப்பாடு வைக்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் சரி. நடைமுறையில் இதற்குத் தடை, பெட்டியின் முழு உரிமையை வாடிக்கையாளரிடம் கொடுக்காத வழக்கம். இணைப்பு கொடுக்க வருகிறவர் வைத்திருக்கும் தனிப் பாஸ்வேர்டு இல்லாமல் சில பெட்டிகளில் பிரிட்ஜ் பக்கமே தெரியாது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பெட்டியை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை என்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு உரிமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதாமாதம் பணம் கட்டுகிறவர் தன் வீட்டு வலையின் சாவியைக் கேட்டு வாங்கவேண்டிய நிலை சரியல்ல.

சாவி என்றதும் இன்னொன்று. 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஏராளமாகத் தீநிரல் தாக்கி முடங்கின. தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான் நுழைவாயில். நிறுவனமும் அப்போது மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டாவது ரவுட்டர் சேர்க்கும் நாளில் இரண்டு பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

கம்பி போடவே முடியாது என்றால்? ரிப்பீட்டர் இருக்கிறது. ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கான்கிரீட் தளத்துக்கு மேலே வைத்தால் அது கேட்பதே அரைகுறையாக இருக்கும். படியேறும் இடத்தில், முதல் பெட்டியின் சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். மெஷ் என்று விற்கப்படுவதும் கம்பி இல்லாமல் போட்டால் நயமான ரிப்பீட்டர்தான். பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ளவென்றே தனி அலைவரிசை வைத்த விலை கூடிய மாடல்களை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். மெஷ் வாங்கினாலும், முதல் பெட்டி ரவுட்டராக இருக்கும்வரை, அதையும் ஆக்சஸ் பாயின்ட் மோடில்தான் போட வேண்டும். மின் கம்பி வழியாக இணையம் கடத்தும் கருவிகளும் உண்டு. இன்வெர்ட்டரும் தனித்தனி ஃபேஸும் உள்ள வீடுகளில் அவை எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்த பிறகு, முகவரி கொடுப்பது யார் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதில் நாட் தேவையில்லை, ஒவ்வொரு கருவிக்கும் உலக முகவரியே கிடைக்கும். ஆனால் இணைய நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு தெருவுக்கான, அதாவது ஒரே வலைக்கான, தொகுதியை மட்டும் கொடுத்தால், இரண்டாவது ரவுட்டர் தன் பக்கம் இன்னொரு தெரு உண்டாக்க முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கு ஐபிவி6 வராமலே போகும். ஆக்சஸ் பாயின்ட் ஆக வைத்த பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாகத் தோட்டம். ஊர் வீட்டில் இருக்கும் இணைப்பைத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்ற தேவை இந்தப் பகுதியில் கூடிக்கொண்டே வருகிறது. செம்புக் கம்பியை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் இழுக்காதீர்கள். 100 மீட்டர் எல்லை ஒரு காரணம். பெரிய காரணம் இடி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எர்த் வேறு. பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கம்பி வழியாகவே பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கொண்டுபோய்விடும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஒளியையும் மின்குறியையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து ஃபைபர் இழுத்தால் கிலோமீட்டர் கணக்கில் போகலாம். கேபிள் வாங்கும்போது உள்ளே தாங்குகம்பி இரும்பா என்று பாருங்கள். இரும்பு இருந்தால் ஃபைபர் போட்டும் பயனில்லை, இரும்பில்லாத வகையைக் கேளுங்கள்.

ஃபைபர் இழுக்க வழியில் அடுத்தவர் நிலம் குறுக்கிட்டால், இரண்டு மொட்டைமாடிகளில் ஒன்றையொன்று பார்த்தபடி 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வைக்கலாம். வெளியிடத்தில் அதைப் பயன்படுத்த 2018 அக்டோபரில் அரசு உரிமத் தேவையை நீக்கிவிட்டது. நடுவில் தென்னை மட்டையோ, நனைந்த திராட்சைப் பந்தலோ குறுக்கே நிற்கக் கூடாது. ஈர இலை இந்த அலையை விழுங்கும், வெயிலில் நன்றாக ஓடிய இணைப்பு மழை பெய்த அன்று நிற்கும். பந்தலுக்கு மேலே உயர்த்திக் கட்டிவிட்டு, ஆன்டெனாக் கம்பத்துக்கு எர்த் போடுங்கள். தோட்டத்து வீட்டில் வைக்கும் ரவுட்டரும் ஆக்சஸ் பாயின்ட்தான், அதற்கு 192.168.1.3. முகவரி கொடுப்பது ஊர் வீட்டுப் பெட்டி ஒன்றே. சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி அடைமழையும் இங்கே இடியோடுதான் வருகின்றன. செம்புக் கம்பி ஏற்கெனவே வெளியில் தொங்குகிற வீடுகள் அதற்கு முன்னால் அதை மாற்றிவிட வேண்டும்.